என்ன மாதிரிக் கதை வேணும்?

முள்ளியவளையில் எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பத்மாசனி அக்கா. அங்கே கதைப் புத்தகம் எடுக்கப் போனால் அவர் உடனே புத்தகம் அடுக்கிய இறாக்கையைக் காட்டிவிட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “என்ன மாதிரிக் கதை வேணும்?” என்று கேட்பார். “ஏதாவது தாங்கோ அக்கா” என்றால் அவருக்குப் பிடிக்காது.

“ஏதாவது எண்டு ஒரு கதை இல்லை. பயப்பிடோணுமோ, அழோணுமோ, கள்ளனைப் பிடிக்கோணுமோ, அதைச் சொல்லும்.”

நான் பிரியந்தினி. அந்த நாட்களில் சங்கக்கடையில் வேலை செய்தேன். மத்தியானம் கடை பூட்டியதும் வாசிகசாலைக்குப் போய்விடுவேன். ஆகையால் அவரைப் பற்றி இங்கே சொல்வதில் பெரும்பகுதி நான் கண்ணால் கண்டது. மிச்சம் அவர் வாயால் கேட்டது.

அவருடைய ஊர் கோண்டாவில். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் கணவர் தவராசாவோடு கிளாலியால் கடலேரி கடந்து வன்னிக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. தவராசா அண்ணைக்குச் சங்கத்து உழவு ரைக்டர் ஓடுகிற வேலை. புத்தகத்தைக் கண்டாலே தனக்கு நித்திரை வரும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் பின்னேரத்தில் மனிசியைக் கூட்டிப்போக வந்தால், அவர் எழும்பும்வரை வாசல்படியில் பேசாமல் குந்தியிருப்பார். ஒருநாளும் அவசரப்படுத்தியதை நான் காணவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று, சமாதானம் வந்து, வவுனியாப் பாதை திறக்கும்வரை அந்த வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளும், தேவாரப் புத்தகங்களும், ஒரு அலுமாரிக்குள் அடங்குகிற நாவல்களும்தான் இருந்தன. இரண்டாயிரத்து மூன்றில் வவுனியாவில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த ஒருவர் கனடாவில் இருந்த பிள்ளைகளிடம் போகப் புறப்பட்டார். கடையில் இருந்த அத்தனை புத்தகங்களையும் எங்கள் வாசிகசாலைக்குத் தந்துவிட்டார். தவராசா அண்ணைதான் லொறியோடு போய் ஏற்றி வந்தார். ஓமந்தையிலும் இறக்கி, புளியங்குளத்திலும் இறக்கி, இராணுவம், இயக்கம் என இரண்டு பக்கத்துக் காவலிலும் ஒவ்வொரு புத்தகமாக உதறிப் பார்த்துத்தான் விட்டார்களாம். வந்து சேர்ந்தபோது எல்லாம் அரிசிச் சாக்குகளுக்குள் தலைகீழாகக் கிடந்தன. கிட்டத்தட்ட எல்லாமே கதைப் புத்தகங்கள்.

வாசிகசாலைச் சங்கத்துக்குத் தலைவர் அப்புத்துரை ஐயா, தபாற்கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். அவர் சாக்குகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “எல்லாம் கற்பனைதானே பிள்ளை. எழுதினவையின்ரை பேர் ஒழுங்கிலை அடுக்கிவிடும்” என்றார்.

பத்மாசனி அக்கா அப்படியே அடுக்கினார். அடுக்கிய நாளில் இருந்து கரைச்சல் தொடங்கியது. ஒரே ஆள் பேய்க்கதையும் எழுதியிருந்தார், கலியாணக் கதையும் எழுதியிருந்தார். ஆண்கள் பெண்களின் பெயரில் எழுதியிருந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, அட்டையில் மாலையும் கையுமாகப் பெண் நிற்கிறாளே என்று ஒரு புத்தகத்தைக் கொண்டுபோனாள். மூன்றாம் பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் பிரேதம். மறுநாள் காலை அவளுடைய தாய் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அன்றுதான் அக்கா முடிவெடுத்தார். முதலில் எல்லாவற்றையும் தானே வாசிக்க வேண்டும், பிறகு என்ன மாதிரிக் கதை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மாரி முழுவதும் அவர் வாசித்தார். குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து வாசித்து, சோறு அடிப்பிடித்தது என்று தவராசா அண்ணை எங்களிடம் முறைப்பாடு சொன்னார்.

எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“கதை தொடங்கேக்கையே எழுதினவர் எங்களுக்கு ஒரு வாக்குக் குடுக்கிறார், பிரியா. துப்பறியிற கதை எண்டால், ஆர் செய்தது எண்டு கட்டாயம் சொல்லுவன் எண்டு வாக்கு. பேய்க்கதை எண்டால், உன்னைப் பயப்பிடுத்துவன், ஆனால் விடியப்பண்ணுவன் எண்டு வாக்கு. அந்த வாக்கு என்ன எண்டு பாத்தால் சரி. எந்த ஊரிலை நடக்குது, ஆர் எழுதினது எண்டதெல்லாம் பிறகுதான்.”

“ராசா ராணிக் கதையிலை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதிலை முடிவு எல்லாருக்கும் தெரியும். சாம்ராச்சியம் விழத்தான் போகுது. எண்டாலும் அந்த மனுசர் அப்ப மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தவை எண்டு காட்டுவன் எண்டு சொல்லுறார்.”

பிரித்ததை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அதற்கு வழி சொன்னவர் உம்மு ஹானி ராத்தா. பக்கத்துத் தண்ணீரூற்று அவருடைய ஊர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிறகு வவுனியாவில் சாளம்பைக்குளத்திலும் இருந்தவர். பாதை திறந்த பிறகு கணவர் ஆதம்பாவாவோடு வந்து, இடிந்த வீட்டின் முன்னறைக்குக் கூரை போட்டு, புடைவை வியாபாரம் தொடங்கியிருந்தார். கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை ஒரு பையில் கொண்டுவந்து கொட்டினார். கோதுமை மாப் பசை காய்ச்சி, புத்தக முதுகுகளில் துணியை ஒட்டினோம். துப்பறியும் கதைக்குச் சிவப்பு, பேய்க்கதைக்குக் கறுப்பு, சரித்திரத்துக்கு மஞ்சள், விஞ்ஞானக் கதைக்கு நீலம், காதலுக்கும் குடும்பத்துக்கும் பச்சை. எங்களுடைய சீவியத்தைப் போலவே இருக்கிற கதைகள் என்று ஒரு அடுக்கு வந்தது. அதற்கு நிறம் போட வேண்டாம் என்று அக்கா சொன்னார்.

பச்சையில் ஒரு வாக்குவாதம் வந்தது. ராத்தா காதல் கதை மட்டும்தான் வாசிப்பார். எடுக்க முதல், “கடைசியில சேருவாங்களா?” என்று கேட்டுத்தான் எடுப்பார்.

“சேருறது வேற, சேராதது வேற, பத்மா. ரெண்டையும் ஒரே நிறத்தில வெச்சால் மனுசர் நம்பி ஏமாந்து போவாங்க” என்றார்.

“பிரிச்சு வைச்சால் முடிவு தெரிஞ்சிடுமே ராத்தா.”

“தெரிஞ்சால் என்ன? சேருவாங்க எண்டு தெரிஞ்சுதான் வாசிக்கிறன். எப்பிடிச் சேருறாங்க எண்டு பாக்கத்தானே இவ்வளவு பக்கம்.”

அக்கா சிரித்துக்கொண்டே, சேருகிறதுக்கு இளம் பச்சை, சேராததுக்குக் கடும் பச்சை என்று இரண்டாக்கினார். இன்னொரு நாவல் அவரைப் பல நாள் அலைக்கழித்தது. அதில் கிணற்றடியில் ஒரு வெள்ளை உருவம் வரும். கடைசியில் அது நகை களவெடுக்கிறவன் என்று பொலிஸ் கண்டுபிடிக்கும். சிவப்பில் வைத்தால் பேய் பொய் என்று முதலே தெரிந்துவிடும், கதை செத்துப்போகும். கறுப்பில் வைத்தால் பேயை நம்பி எடுத்தவர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள். முடிவில் கறுப்பில்தான் வைத்தார். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அப்புத்துரை ஐயா அந்தச் சண்டையை இரசித்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மஞ்சள் இறாக்கையில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள், கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரையே அழிந்தது. உயிர் தப்பியவர்கள் ஈர உடுப்போடு முள்ளியவளைக்கு ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடங்கள் நிரம்பி, வாசிகசாலை விறாந்தையிலும் ஆட்கள் படுத்தார்கள். தவராசா அண்ணை ரைக்டர் பெட்டியில் முதலில் காயக்காரரை ஏற்றினார். பிறகு மற்றவர்களை. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் அவர் கிணற்றடியிலேயே நெடுநேரம் நிற்பார் என்று அக்கா சொன்னார்.

சில கிழமைகள் கழித்து, கரையில் இருந்து தப்பியவர்களின் முகாமில் இருந்து ஒரு மனிதர் வாசிகசாலைக்கு வந்தார். பெயர் வீரகத்தி. கரைவலைக்காரர். மனிசியின் உடல் கிடைத்தது. ஏழு வயது மகள் கிடைக்கவில்லை. வாசலில் நின்று, “இஞ்சை ஆரும் வந்து இருக்கலாமோ?” என்று கேட்டார். ஒரு கதிரையில் இருந்தார். பின்னேரம் பூட்டும்வரை இருந்துவிட்டு எழும்பிப் போனார். மறுநாளும் வந்தார்.

பத்மாசனி அக்கா மனமிரங்கி, வாசித்தால் சிரிப்பு வருகிற கதை ஒன்றைக் கொடுத்தார். வீரகத்தி இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். இளம் பச்சையில் ஒன்று கொடுத்தார். அதுவும் திரும்பியது. கடைசியில் அவரே கேட்டார்.

“அக்கா, ஒரு ஆள் செத்துப்போக, ஏன் எண்டு தேடிக் கண்டுபிடிக்கிற கதை இருக்கோ?”

சிவப்பு இறாக்கையில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவர் வாசித்தார். வேகமாக வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து, உதட்டை அசைத்து, வரிவரியாகப் போவார். யார் கொலைகாரன் என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. கடைசி அதிகாரத்தில் எல்லோரையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, நடந்ததை முதலில் இருந்து விளங்கப்படுத்துகிற இடம் வரும் அல்லவா, அதை மட்டும் இரண்டு தரம் வாசிப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் போட்ட சத்தத்தில் நான் கடைக்குள் இருந்து ஓடி வந்தேன். கையில் ஒரு சிவப்புப் புத்தகம். கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. யார் செய்தது என்று சொல்ல வாய் திறக்கிற இடத்தோடு கதை நின்றது.

“இதைப் பாராமல் ஏன் எனக்குத் தந்தனீங்கள்? நான் இப்ப என்ன செய்யிறது? சொல்லுங்கோ, நான் என்ன செய்யிறது?”

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அக்கா கோபிக்கவில்லை. “பிழை என்னிலைதான் தம்பி. இருங்கோ” என்று மட்டும் சொன்னார். அவர் இருக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று பின்னேரம் தவராசா அண்ணை வந்தபோது அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, “நீர் இவ்வளவு வாசிச்சிருக்கிறீர். முடிவை நீரே எழுதிக் குடுமன். அந்த மனுசனுக்கு ஆறுதலாய் இருக்கும்” என்றார்.

“இல்லையுங்கோ. காதல் கதை எண்டால் எழுதிப்போடுவன். இது அப்பிடியில்லை. எழுதினவர் முன்னுக்கு வைச்சிருக்கிற ஒவ்வொரு தடயத்துக்கும் கடைசியிலை பதில் வரோணும். நான் சும்மா ஒருத்தனைப் பிடிச்சு இவன்தான் கொலைகாரன் எண்டால் அது களவு. அந்தாளுக்கு அது தெரிஞ்சிடும்.”

உம்மு ஹானி ராத்தா சரக்கெடுக்க வவுனியா போகிறவர். புத்தகத்தின் பெயரைச் சொல்லி, இன்னொரு பிரதி எங்கேயாவது கிடைத்தால் என்ன விலையென்றாலும் எடுத்து வரும்படி அக்கா கேட்டுக்கொண்டார். ராத்தா முதல் பயணத்தில் வெறுங்கையோடு வந்தார். அடுத்த முறை, தன் சாளம்பைக்குளத்து வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு குடும்பத்தின் மச்சுத்தட்டில் இருந்து அதைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தார்.

“பஸ்ஸில கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டன் பத்மா. எனக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்காது, எண்டாலும் பொறுக்க ஏலாமல் போச்சு. ஆர் எண்டு சொல்லட்டா?”

“வாயைத் திறவாதேங்கோ ராத்தா” என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

வீரகத்தியை முகாமில் இருந்து கூப்பிட்டு வந்தோம். முன்பு கத்தியதற்கு வெட்கப்பட்டுக் கொஞ்ச நாளாக அவர் வரவில்லை. புத்தகத்தை வாங்கி, நின்றபடியே அந்தக் கடைசி அதிகாரத்தை வாசித்தார். விரல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போனது. முடிந்ததும் மூடி வைத்தார்.

“சரியாத்தான் முடிச்சிருக்கிறார்.”

“ஆறுதலோ தம்பி?”

அவர் புத்தகத்தை அக்காவின் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: “ஆர் செய்தது எண்டு தெரிஞ்சாப் பிறகு, அந்தச் செத்த பொம்பிளையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை, பாத்தியளோ அக்கா? கண்டுபிடிச்சவரை எல்லாரும் மெச்சுகினம். பிறகு தேத்தண்ணி குடிக்கினம். அவளின்ரை பேர் கூட வரேல்லை.”

அத்தனை சிவப்புப் புத்தகங்களையும் வாசித்தும் தன் கண்ணில் அது படவில்லையே என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

அதன்பின் வீரகத்தி சிவப்புப் பக்கம் போகவில்லை. கறுப்பு இறாக்கைக்கு முன்னால் போய் நின்றார். அக்கா பயந்துபோனார். பேய்க்கதையை இப்படி ஒரு மனிதருக்குக் கொடுக்கலாமா? “அது உங்களுக்கு வேண்டாம் தம்பி, நித்திரை கெட்டுப்போகும்” என்று தடுத்துப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கொண்டுபோன புத்தகத்தை அடுத்த கிழமை கொண்டுவந்து கொடுத்தார்.

“செத்த மனிசி வந்து கதவைத் தட்டுறா. புருசன் பயந்து ஓடுறான். ஏன் அக்கா ஓடுறான்? என்ரை ஆக்கள் வந்து தட்டினால் நான் திறந்து விட்டிடுவன்.”

அவர் அழவில்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அக்கா முதன்முறையாக அவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்து, “உங்கடை மகளின்ரை பேர் என்ன?” என்று கேட்டார். அவர் சொன்னார். அன்று பின்னேரம் முழுவதும் மகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்பல் விழுந்தது, பாணில் சீனி போட்டுத் தின்பது, கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்து வலைக்குள் போட்டு ஏச்சு வாங்குவது எல்லாவற்றையும். இடையில் புத்தகம் எடுக்க வந்தவர்களைத் தவராசா அண்ணை வாசலில் மறித்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருசம் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த படகோடு வீரகத்தி கடலுக்குத் திரும்பினார். நல்ல மீன் பட்டால் அக்கா வீட்டுக்கு ஒரு கோர்வை வரும். இப்போதும் அவர் அந்தக் கரையில்தான் இருக்கிறார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மறுபடியும் சண்டை தொடங்கி, பாதை மூடியது. அந்த நேரம் கணவரோடு சரக்கெடுக்கப் போயிருந்த உம்மு ஹானி ராத்தா வவுனியாப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார். தண்ணீரூற்றுக் கடை பூட்டியபடியே கிடந்தது. வாசிகசாலைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் இளம் பிள்ளைகள் வருவது முற்றாக நின்றது. எங்கள் சீவியத்தைப் போல இருக்கிற கதைகளை யாரும் தொடவில்லை. பெரியவர்கள் மஞ்சளைத்தான் கேட்டார்கள். முன்பு ஒரு காலத்தில் நடந்து முடிந்த சண்டைகளை வாசிப்பது அவர்களுக்கு எப்படியோ இலேசாக இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு மார்கழியில் முள்ளியவளையும் இடம்பெயர எழும்பியது. செல் சத்தம் கிட்டக் கேட்கத் தொடங்கிவிட்டது. தவராசா அண்ணை ரைக்டர் பெட்டியில் எங்கள் வீட்டுச் சாமான்களையும் அயலவர் சாமான்களையும் ஏற்றினார். அரிசி, கூடாரம் போடத் தறப்பாள், பதுங்கப் பங்கர் வெட்ட மண்வெட்டி. புத்தகம் ஏற்ற இடமில்லை. அக்கா கேட்கவும் இல்லை. இறாக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார். பூட்டின் திறப்பைக் கதவு நிலைக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

“ஆரும் மழைக்கு ஒதுங்க வந்தால் திறக்கட்டும்” என்றார்.

புதுக்குடியிருப்பு, தேவிபுரம், இரணைப்பாலை என்று போய்க்கொண்டே இருந்தோம். ஒவ்வோர் இடத்திலும் பங்கர் வெட்டினோம். தேவிபுரத்துப் பங்கருக்குள் அயல் பிள்ளைகளும் எங்களோடு இருந்தார்கள். செல் விழுந்து ஓய்கிற இடைவெளியில் ஒரு சிறுமி, “அன்ரி, பேய்க்கதை சொல்லுங்கோ” என்று கேட்டாள். நான் திகைத்துப்போனேன். அக்கா திகைக்கவில்லை. புளியமரத்துப் பேய் ஒன்றைப் பற்றி மெதுவான குரலில் தொடங்கினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக் கேட்டார்கள். பேய் ஓடிப்போனதும் கைதட்டினார்கள்.

“இந்த நேரத்திலை பேயோ அக்கா?” என்று பிறகு கேட்டேன்.

“அது சின்னப் பயம், பிரியா. தொடக்கமும் முடிவும் உள்ள பயம். அதுகளுக்கு அப்பிடி ஒண்டு வேணும்.”

இரணைப்பாலையில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் தவராசா அண்ணை செல் பட்டு இறந்தார். இரண்டு கையிலும் தண்ணீர்க் கான் இருந்தது. ஒரு பனையடியில் நாங்களே கிடங்கு வெட்டித் தாட்டோம். சடங்கு செய்ய நேரம் இருக்கவில்லை. அக்கா மண்ணை அள்ளிப் போட்டார். பிறகு அந்தக் கான்களில் மிஞ்சியிருந்த தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் வாயில் இருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அழவும் இல்லை.

அடுத்த வருசம் சித்திரையில் சண்டை நடந்த இடத்தை விட்டு வெளியே வந்தோம். செட்டிகுளத்து முகாமில் ஒரே கூடாரத்துக்குள் நானும் அவரும் இன்னும் இரண்டு குடும்பமும். அதில் ஜெகதீஸ்வரி என்ற பெண் இருந்தாள். ஜெயபுரத்துக்காரி. கலியாணம் முடித்து ஒரு வருசமும் ஆகவில்லை. வெளியே வருகிற வழியில் கணவனைத் தவறவிட்டவள். வேறு முகாமில் இருக்கிறானா, ஆஸ்பத்திரியில் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறபோது, அக்கா வாசிகசாலையில் இருந்தவர் என்று நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரு மத்தியானம், கூடாரத்துக்குள் இருக்க முடியாத வெக்கை. வெளியே தறப்பாள் நிழலில் பெண்கள் கூடியிருந்தோம். ஜெகதீஸ்வரி அக்காவுக்குக் கிட்டப் போய் இருந்தாள்.

“அன்ரி, ஒரு கதை சொல்லுங்கோவன்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எழும்பவில்லை. கடைசியில் அக்காவின் வாய் தன்பாட்டில் கேட்டது.

“என்ன மாதிரிக் கதை?”

“காதல் கதை. சேருற கதையாய்ச் சொல்லுங்கோ.”

அக்கா தொடங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலைத் தொடர்ச்சியாகக் கேட்கிறோம். இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவன், வாய்க்கால் வயலில் நாற்று நட வருகிற ஒருத்தி. அண்ணன்மாரின் எதிர்ப்பு, ஒரு வெள்ளம், அவன் தொலைதூரம் போய்விடுவது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. அவராகவே கட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் கூடாரத்துப் பெண்களும் வந்து இருந்தார்கள். அவன் திரும்பி வருகிற பஸ் சந்தியில் வந்து நிற்கிறது. அவள் வீதிக் கரையில் நிற்கிறாள். அந்த இடத்தில் அக்கா நின்றுவிட்டார்.

“பிறகு?” என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா வாயைத் திறந்து மூடினார். “எனக்கு வருகுதில்லை பிள்ளையள். அவன் இறங்குறான் எண்டு சொல்லோணும். வருகுதில்லை.”

ஜெகதீஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, “அப்ப நான் சொல்லுறன்” என்றாள்.

“அவன் முன் கதவாலை இறங்கேல்லை. பின் கதவாலை இறங்கினவன். அதாலை அவள் காணேல்லை. பஸ் போனாப் பிறகு பாத்தால் அங்காலைக் கரையிலை நிக்கிறான். மெலிஞ்சு போனான். ஒரு செருப்பு அறுந்து போச்சு, அதைக் கையிலை வைச்சிருக்கிறான். அவள் ஒண்டும் கேக்கேல்லை. செருப்பை வாங்கிக்கொண்டாள். ரெண்டு பேரும் நடந்து வீட்டை போச்சினம்.”

சொல்லி முடிக்கும்வரை அவள் குரல் உடையவில்லை. உடைந்தது பத்மாசனி அக்காதான். “தவம்” என்று கணவரைத் தான் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, தறப்பாள் நிழலில் அத்தனை பேருக்கும் முன்னால் குழறி அழுதார். பெண்கள் சுற்றி இருந்து பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலை அவர் தவராசா அண்ணையைப் பற்றி ஜெகதீஸ்வரிக்கு முதலில் இருந்து சொன்னார். கடலேரியில் படகு ஆடியபோது பயந்து அவர்தான் அக்காவின் கையைப் பிடித்தார் என்பதை நானும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அதன்பிறகு மத்தியானங்களில் கதை நடந்தது. சில நாள் அக்கா சொல்வார். சில நாள் வேறு யாராவது சொல்வார்கள். நாங்கள் முகாமில் இருந்த காலம்வரை ஜெகதீஸ்வரியின் கணவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மார்கழியில் பூநகரிப் பக்கத்து ஆட்களை அனுப்பியபோது ஜெயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

உம்மு ஹானி ராத்தா எப்படியோ விசாரித்து, அதற்கு முதலே ஆடி மாதமளவில் முகாம் வேலிக்கு வந்துவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அக்காவைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சோற்றுப் பார்சலும் ஒரு சேலையும் கொண்டுவந்திருந்தார். நாவல் நிறச் சேலை.

“எனக்கு இது இனிச் சரிவராது ராத்தா.”

“நான் தெரிஞ்சு கொண்டுவந்த நிறம். உடுத்துங்க பத்மா. தவராசா தம்பி இருந்தால் உடுக்க வேணாமெண்டு சொல்லியிருப்பாரா?”

அக்கா வாங்கிக்கொண்டார். மார்கழியில் வெளியே போய்வரப் பாஸ் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தச் சேலையை உடுத்திக்கொண்டுதான் சாளம்பைக்குளத்தில் ராத்தா வீட்டுக்குப் போனார். போய்ச் சேரும்வரை துணையாக நானும் போனேன்.

ராத்தாவின் கணவர் ஆதம்பாவா நானா படலைக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முன்னறையை ஒதுக்கி, கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். குளித்து, சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“ராத்தா, வாசிக்க ஏதும் இருக்கோ?”

ராத்தா சங்கடப்பட்டார். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மேசை மேல் அந்த வாரத்து ஞாயிறு பத்திரிகை ஒன்று கிடந்தது. அக்கா அதை எடுத்து, உள்பக்கத்தில் இருந்த தொடர்கதையின் முப்பத்தெட்டாவது அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினார். யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, ஆறுதலாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். முடித்ததும் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

“குடும்பக் கதை. நல்லா எழுதுறார். வாற கிழமையும் இந்தப் பேப்பரை எடுங்கோ” என்றார்.